மைனஸ் பன்னிரண்டில் ஓடிய கார்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். ஒரே ஆள் நின்ற இடத்தில் அந்த ஆயிரத்தையும் சொல்லி, தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்த கதை இது. ஆள் பெயர் தாண்டவராயன். கல்யாணம் எப்படியும் நடந்துவிடும். அவர் வாயால் கெட இருந்தது மரியபுஷ்பத்தின் பிழைப்பு.

புஷ்பம் திருச்சி பொன்மலைக்காரி. பள்ளிக்கூட வாசல்களில் தள்ளுவண்டி வைத்து ஐஸ் விற்றவள், அந்த வருஷம்தான் கரண்டில் ஓடுகிற சின்ன லோடு வண்டி ஒன்றை வாங்கி, பின்னால் குளிர்பெட்டி பொருத்தியிருந்தாள். துவரங்குறிச்சி மண்டபத்தில் அவளுக்கு முதல் கல்யாண ஆர்டர். ஆலங்குடிப் பலாச்சுளையை அவளே அரைத்து, கிண்டி, உறைய வைத்த ஐஸ்கிரீம். ஆர்டர் கொடுத்த சமையல் கான்டிராக்டர் குப்புமணி மாஸ்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: "மூணாவது பந்தியில சம்பந்தி வீட்டுக்காரங்க உட்காருவாங்க. அவங்க இலையில உன் ஐஸ்கிரீம் வந்துட்டா, நான் எடுக்கிற முகூர்த்தம் பூரா உனக்குத்தான். வரலைன்னா நீ பள்ளிக்கூட வாசலுக்கே போயிக்கலாம்."

முந்தின ராத்திரி பொன்மலையில் கரண்டு போனது. குளிர்பெட்டியும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது என்பதால், வண்டிக்கு என்று வைத்திருந்த சார்ஜில் பாதியைப் பெட்டியே தின்றுவிட்டது. போகிற வழியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள். மேப்பைப் பார்த்தால் நாலுவழிச் சாலை நெடுக சார்ஜர், சார்ஜர் என்று பச்சைப் புள்ளியாகக் காட்டியது. முதல் புள்ளிக்குப் போனாள். மிஷின் இருந்தது, கரண்டு இருந்தது, மஞ்சள் துணி சுற்றி எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர் தேதி கொடுக்கவில்லையாம். இரண்டாவது புள்ளி ஒரு இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்தது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் மாமியார் வீட்டில். விராலிமலை தாண்டி, கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு மோட்டலின் முற்றத்தில் மூன்றாவது புள்ளி. அங்கே வந்து சேர்ந்தபோது வண்டியின் முள் சிவப்புக்குள் இறங்கியிருந்தது.

அங்கே மிஷின்கள் மூன்று நின்றன. ஒன்றின் தலையில் பாலிதீன் பை மாட்டி, கழுத்தில் சணல் கட்டியிருந்தது. அது பழுது. இன்னொன்று பழைய காலத்து வட்ட வாய் மிஷின். அதற்கேற்ற வாய் இருந்த வண்டிகளை இப்போது யாரும் செய்வதில்லை. வாட்ச்மேன் காத்தமுத்து அதில் சாப்பாட்டுப் பையையும் துவைத்த சட்டையையும் மாட்டி வைத்திருந்தார். மூன்றாவதுதான் இப்போது எல்லா வண்டிக்கும் ஆகிற புது மிஷின். அதன் கன் என்று சொல்கிற கனத்த பிளக், ஒரு வெள்ளைக் காரின் வாய்க்குள் இருந்தது. வாய் இருந்த இடத்தை ஒரு பச்சைத் துண்டு போர்த்தி மூடியிருந்தது. மிஷின் திரையின் மேல் தன் அகன்ற முதுகைச் சாய்த்துக்கொண்டு காரின் சொந்தக்காரர் நின்றிருந்தார்.

"கல்லோ செருப்போ வெச்சு வரிசை பிடிங்கம்மா," என்றார் காத்தமுத்து. ரேஷன் கடை வழக்கம் அங்கேயும் வந்துவிட்டது. தரையில் ஏற்கெனவே ஒரு தண்ணீர் பாட்டில் நின்றிருந்தது. அது டாக்ஸி ஓட்டுகிற சாகுல் ஹமீதுடையது. புஷ்பம் அதன் பின்னால் ஒரு ஐஸ்கிரீம் டப்பா மூடியை வைத்தாள். சாகுல் மூடியைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், பாட்டிலை எடுத்து மூடிக்குப் பின்னால் வைத்தான்.

"உங்க சரக்கு உருகும்க்கா. என் சவாரி உள்ள பரோட்டா சாப்பிடுது, அது இப்போதைக்கு எழுந்திருக்காது."

புஷ்பம் நேராகக் கார்க்காரரிடம் போனாள். "அண்ணே, கல்யாணத்துக்கு ஐஸ்கிரீம் கொண்டு போறேன். துவரங்குறிச்சி போய்ச் சேர்ற அளவுக்கு, கால் மணி நேரம் மட்டும் கன்னை விட்டுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும். உங்க வண்டியில எவ்வளவு ஏறியிருக்கு?"

"ஏறிக்கிட்டே இருக்கு," என்றார் தாண்டவராயன். உசிலம்பட்டியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறவர். வளையல் விற்கிற வாய் என்பதால் பேச்சு எப்போதும் கலகலவென்றுதான் இருக்கும். "அவசரப்படாத தங்கச்சி. முதல்ல இந்த மிஷினுக்கு உண்டான ஆப் உன் போன்ல இருக்கா, அதைப் பாரு."

புஷ்பத்தின் போனில் ஏழு ஆப் இருந்தது. இந்த மிஷின் எட்டாவதைக் கேட்டது. அதை இறக்கினால் அது ஓ.டி.பி. அனுப்பினேன் என்றது, வந்து சேரவில்லை. தாண்டவராயன் பரிதாபமாகச் சிரித்தார்.

"எட்டுக்கே மூச்சு வாங்குதே. எம்போன்ல எத்தனை தெரியுமா? இந்தியாவுல எத்தனை மிஷின் உண்டோ அத்தனை ஆப். முதல்ல சட்டைப்பையில வெச்சிருந்தேன், கனம் தாங்காம பை பிஞ்சு விழுந்திருச்சு. டிக்கியில வெச்சேன். வண்டி பின்பக்கமாக் குந்திருச்சு. முன்சக்கரம் ரெண்டும் அந்தரத்துல. என்ன செய்யிறது? பின்சக்கரத்துலயே திருமங்கலம் வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போனேன்."

"ஸ்டியரிங் திருப்புறது முன்சக்கரத்தைத்தானே அண்ணே?" என்றான் சாகுல்.

"ரோடு நேர் ரோடு பாயி," என்றார் தாண்டவராயன், கண் இமைக்காமல்.

காத்தமுத்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பகல் முழுவதும் வெயிலையும் லாரியையும் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு இது இலவசக் கச்சேரி. புஷ்பம் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். வளையல்காரர் கடை விரித்துவிட்டார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. கன்னை வண்டியிலிருந்து விடுவிப்பது அவர் போனிலிருந்துதான் முடியும். போனோ அவர் சட்டைப்பையில், முகம் கவிழ்ந்து கிடந்தது. பை பிய்ந்து விழவில்லை என்பதையும் அவள் கவனித்தாள்.

மாஸ்டரிடமிருந்து முதல் போன் வந்தது. "மாலை மாத்தியாச்சு. எங்க இருக்க?"

"பக்கத்துல வந்துட்டேன் மாஸ்டர்," என்றாள். பொய் தொற்றுநோய்.

"பொருத்தம்தான் தங்கச்சி எல்லாத்துக்கும் முக்கியம்," என்று தொடர்ந்தார் தாண்டவராயன். "மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் பத்துப் பொருத்தம் போதும். வண்டிக்கும் மிஷினுக்கும் நூறு பொருத்தம் பாக்கணும். வாய் பொருந்தணும், அழுத்தம் பொருந்தணும், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசி ஒத்துக்கணும். அப்பத்தான் கரண்டு இறங்கும். ஒருகாலத்துல உலகத்துல எவன் வண்டி செஞ்சாலும் அவனவன் இஷ்டத்துக்கு ஒரு வாய் வெச்சான். ஜப்பான்காரன் ஒண்ணு, ஜெர்மன்காரன் ஒண்ணு, சீனாக்காரன் ஒண்ணு. ஒரே வாயா வெச்சா அவனவன் பெருமை என்னாவறது? சண்டை முத்திப் போச்சு. கடைசியில ஜெனீவாவுல கூட்டம் போட்டாய்ங்க. ஒருத்தன் மண்டையில ஒருத்தன் பிளக்கால அடிச்சிக்கிறாய்ங்க. ரத்தம். யாரைக் கூப்பிட்டாத் தீரும்னு யோசிச்சு, எனக்குப் போன் போட்டாய்ங்க."

"உசிலம்பட்டிக்கா?" என்றார் காத்தமுத்து.

"பின்ன, உன் மோட்டலுக்கா? போனேன். போறப்ப வீட்டுக்காரி கட்டிக்குடுத்த பணியாரமும், சுட வைக்கத் தேவைப்படும்னு பணியாரக் கல்லும் எங்கூட இருந்துச்சு. மேடையில ஏறி ஒரு அதட்டுப் போட்டேன்."

"எந்த பாஷையில அண்ணே அதட்டினீங்க?" என்றான் சாகுல்.

"தமிழ்லதான். கோவமாச் சொன்னா எந்த ஊர்க்காரனுக்கும் புரியும். 'ஏண்டா, பசியில சண்டை போடுறீங்க, முதல்ல தின்னுங்கடா'ன்னு பணியாரத்தைக் குடுத்தேன். தின்னாய்ங்க. கண்ணுல தண்ணி. ஜெர்மன்காரன் அந்தக் கல்லைத் தூக்கிப் பாத்தான், அப்படியே நின்னுட்டான். 'இதுதான்டா வாய்!'னு கத்தினான். நீயே இந்தப் புது மிஷினோட கன்னைப் பாரு. மேல ஏழு குழி, கீழ ரெண்டு பெரிய குழி. மேல ஏழும் என் வீட்டு ஏழு குழிப் பணியாரக் கல்லு. கீழ ரெண்டும் சட்னிக் கிண்ணம். காரச் சட்னி ப்ளஸ், தேங்காச் சட்னி மைனஸ்."

சாகுல் தன் டாக்ஸியின் வாயைத் திறந்து எண்ணிப் பார்த்தான். மேலே ஏழு, கீழே இரண்டு. சரியாகத்தான் இருந்தது. அதுதான் இந்த மாதிரி ஆட்களிடம் உள்ள தொல்லை. ஊறுகாய் அளவுக்கு ஒரு நிஜத்தை ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் அண்டா அண்டாவாகப் புளுகைப் பரிமாறுவார்கள்.

"அன்னைக்கே அந்த மேடையில வெச்சு, அதோ நிக்குதே வட்ட வாய், அதை ஒழிச்சுக் கட்டினேன்," என்று காத்தமுத்துவின் சட்டை காய்ந்துகொண்டிருந்த மிஷினைக் காட்டினார். "'இனிமே இந்த வாயோட எவனும் வண்டி செய்யப்படாது. ஏற்கெனவே செஞ்ச வண்டியை வெச்சிருக்கிறவன் வெக்கப்பட்டு வீட்டுக்குள்ளயே நிறுத்திக்கணும்'னு தீர்மானம். நான்தான் கையெழுத்து. அதுலேருந்து அந்த மிஷின் துணி காயப்போடத்தான் ஆகுது."

"எனக்கு உதவியாத்தான் இருக்கு," என்றார் காத்தமுத்து. "ஆனா ஒருதடவையாவது ஒரு வண்டி வந்து மாட்டாதான்னு இருக்கு சார். வெச்ச நாள்லேருந்து பச்சை லைட்டைப் போட்டுக்கிட்டுக் காத்துக்கிட்டு நிக்குது, பாவம்."

இரண்டாவது போன். "தாலி ஏறிடுச்சு! கெட்டிமேளம் கேக்குதா?" கேட்டது. புஷ்பத்தின் நெஞ்சுக்குள்ளும் அதே மேளம்தான் அடித்தது. பெட்டியின் கதவைக் கொஞ்சம் திறந்து விரல் விட்டுப் பார்த்தாள். ஐஸ்கிரீம் இன்னும் உறைந்தே இருந்தது. ஆனால் முள் இன்னும் ஒரு கோடு இறங்கியிருந்தது. நிற்க நிற்கப் பெட்டி பேட்டரியைக் குடிக்கும். பெட்டியை அணைத்தால் பலாப்பழக் கஞ்சிதான் போய்ச் சேரும்.

"அண்ணே, கதை அப்புறம் கேக்கறேன். கன்னைக் கொஞ்சம் எடுங்க."

"தின்னுக்கிட்டிருக்கிறவனைப் பாதி இலையில எழுப்பலாமா தங்கச்சி? நம்ம பண்பாடு என்ன? வண்டி கோவிச்சுக்கும்."

"அப்ப அந்தத் துண்டு எதுக்கு?" என்று எரிச்சலோடு கேட்டாள்.

"கண்ணு படக்கூடாதுல்ல? அதுக்கடியில இருக்கிறதுதான் சம்பந்தி." நெஞ்சை நிமிர்த்தினார். "சேராத ரெண்டு குடும்பத்தைச் சேத்து வைக்கிறவன் சம்பந்தி. எந்த வாய் மிஷினையும் எந்த வாய் வண்டியோடயும் சேக்கறதுக்கு நானே பட்டறையில நின்னு செஞ்ச சாமான், அதுக்கு நான் வெச்ச பேரு. ஒருதடவை கொடைக்கானல் மலைப்பாதையில பேட்டரி இறங்கிருச்சு. அடைமழை. மிஷின் கிடையாது, ஊர் கிடையாது. படார்னு ஒரு மின்னல் இறங்குச்சு. எட்டிப் பிடிச்சேன்."

"மின்னலையா?" என்றார் காத்தமுத்து.

"வாலைப் பிடிச்சா வழுக்கும். தலையைப் பிடிக்கணும். பிடிச்சு சம்பந்தியில சொருகிப் பாக்கறேன், உள்ள போகமாட்டேங்குது. என்னடான்னு பாத்தா, மின்னலோட முனை மூணு பிரிவா இருக்கு, நம்ம ஓட்டை ரெண்டு. வானத்துல எவனும் ஸ்டாண்டர்டு பாக்கறதில்லை, அவனுக்கு எந்தக் கமிட்டியும் கிடையாது. டிக்கியிலேருந்து அரத்தை எடுத்தேன். மின்னலைத் தொடைக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு, அந்த மூணாவது பிரிவை ராவினேன். அரை மணி நேரம் ராவினேன் தங்கச்சி. அது துடிக்குது, நான் விடலை. ராவின தூளு கீழ மினுமினுன்னு கொட்டுது. அதைத்தான் இன்னைக்கும் மலையில மின்மினின்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாய்ங்க."

"கேக்கறவன் கேனையனா இருந்தா கேழ்வரகுல நெய் வடியுதும்பாங்க," என்றான் சாகுல் பொதுவாக.

"நெய் வடிஞ்ச கதை வேற, அது அப்புறம். மின்னல் முழுசா இறங்குச்சு. மீட்டரைப் பாக்கறேன், முந்நூத்து நாப்பது பர்சென்ட்!"

"நூறுக்கு மேல எப்படி சார் போகும்?" என்றார் காத்தமுத்து.

"பொங்கல் பானையில பொங்கறது பானைக்குள்ளயா நிக்குது? கார் சைசு பெருத்துப் போச்சு. கதவு மூடமாட்டேங்குது. இதைக் கொஞ்சம் குறைக்கணுமேன்னு வத்தலக்குண்டுக்கு இறக்கிக்கிட்டு வந்தேன். ஊர் பூராக் கரண்டு இல்லை. சம்பந்தியைத் திருப்பிப் போட்டு, ஒரு டீக்கடை பிளக்குல சொருகி, வண்டியிலேருந்து ஊருக்குக் கரண்டைத் தள்ளினேன். ஊரே ஜெகஜ்ஜோதி. ஆனா கரண்டு பின்பக்கமா வருதுல்ல? எல்லாம் தலைகீழா ஓட ஆரம்பிச்சிருச்சு. ஃபேன் காத்தை உள்ள இழுக்குது. வாஷிங் மிஷின் வெளுத்த துணியை அழுக்காக்குது. ஒரு வீட்டுல கிரைண்டர் பின்னால சுத்தி, இட்லி மாவு திரும்ப அரிசியும் உளுந்துமாப் பிரிஞ்சு வந்திருச்சு."

காத்தமுத்து முன்னால் சாய்ந்தார். "தனித்தனியாவா?"

"தனித்தனியா. வெந்தயம் மட்டும் கலந்துதான் இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது பாருங்க."

சாகுல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் நாலைந்து பேர் பல் குத்திக்கொண்டே கூடி நின்றார்கள். கூட்டத்தைக் கண்டதும் தாண்டவராயனின் குரல் இன்னும் ஒரு கட்டை ஏறியது. புஷ்பத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. மூன்று நாளாகக் கை நோகக் கிண்டியது, முப்பது கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் நின்று உருகப் போகிறது. அதுவும் ஒரு ஆள் வாயால் வடை சுடுகிற சூட்டில். அந்தப் பச்சைத் துண்டை உருவி அவர் வாயில் திணித்தால் என்ன என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

மூன்றாவது போன். மாஸ்டர் குரல் தாழ்ந்திருந்தது. "முதல் பந்தி உக்காந்துட்டாங்க. சாம்பார் போயிக்கிட்டிருக்கு. சொல்லு புஷ்பம், வருவியா மாட்டியா? பெட்டிக்கடையில சொல்லி கப் ஐஸ் வாங்கிடவா?"

"வாங்காதீங்க மாஸ்டர். மூணாம் பந்திக்கு நான் அங்க இருப்பேன்," என்றாள். போனை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றாள். கெஞ்சிப் பார்த்தாயிற்று, முறைத்துப் பார்த்தாயிற்று. இனி இந்த ஆளை அவர் வாயை வைத்துத்தான் கிளப்ப வேண்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக அவள் கதை கேட்கிற முகத்தோடு திரும்பினாள்.

"அண்ணே, சார்ஜ் ஏத்துற கதை எல்லாரும் சொல்றாங்க. சார்ஜே இல்லாம ஓட்டின கதை ஏதாவது இருக்கா? ஒருவேளை அது உங்களால ஆகலையோ?"

தாண்டவராயன் அடிபட்டவரைப் போல நிமிர்ந்தார். "ஆகலையா? எனக்கா? என்ன கேட்டுப்புட்ட தங்கச்சி! எல்லாப் பயலும் ஜீரோ வந்தா வண்டி நின்னுரும்னு நினைக்கிறான். தண்ணித் தொட்டி காலியானாலும் அடியில சகதி கிடக்குமில்ல? ஜீரோவுக்குக் கீழயும் கரண்டு கிடக்கு. அதை ஓட்டத் தெரியணும். ராமேஸ்வரத்துல இருந்து கிளம்பினேன், ஜீரோ. மானாமதுரை தாண்டினேன், மைனஸ் ரெண்டு. நாக்பூர்ல மைனஸ் ஏழு. டெல்லியில சிக்னல்ல நிக்கறப்ப மைனஸ் ஒம்போது. காஷ்மீர்ல பனிமலை மேல ஏறுறேன், மைனஸ் பன்னண்டு! வெளியிலயும் மைனஸ் பன்னண்டு, வண்டிக்குள்ளயும் மைனஸ் பன்னண்டு. ரெண்டும் பொருந்திப் போச்சு. அதுக்கு மேல வண்டியைப் பிடிக்கவே முடியலை."

"இதே வண்டியா?"

"சாட்சாத் இதே வண்டி. இந்தச் சக்கரம், இந்த பேட்டரி."

"ராமேஸ்வரத்துல ஜீரோவோட கிளம்பி?"

"ஜீரோவோட. எங்கம்மா மேல சத்தியமா."

கூட்டம் 'ஆகா' என்றது. புஷ்பமும் 'ஆகா' என்றாள். பிறகு சாதாரணமாக, வெற்றிலை பாக்கு கேட்கிற குரலில் கேட்டாள்: "இப்ப வண்டியில எவ்வளவுண்ணே இருக்கு?"

"இப்பவா... அது... ஒண்ணு இருக்கும்."

"ப்ளஸ்ஸா, மைனஸ்ஸா?"

"ப்ளஸ்ஸுதான்."

"மைனஸ் பன்னண்டுல காஷ்மீர் பனிமலை ஏறுன வண்டி, ப்ளஸ் ஒண்ணுல எங்க போகும் பாயி?"

சாகுலுக்கு இப்போது விளங்கியது. "அக்கா, அந்தக் கணக்குல பாத்தா உசிலம்பட்டி போயி, வண்டியைத் திருப்பி, ரஷ்யா போயிட்டு வரலாம்," என்றான். போனை எடுத்து வீடியோவைத் தட்டினான். "அண்ணே, இப்படி இந்தப் பக்கம் பாருங்க. ப்ளஸ் ஒண்ணுல கொடும்பாளூர்லேருந்து கிளம்புற உலகத்தின் ஒரே மனுஷன். நாட்டுக்கே போட்டுடறேன்."

"போடுங்க, போடுங்க," என்றது கூட்டம்.

 தாண்டவராயன் கன்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், வீடியோவைப் பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனாலும் ஆள் சாமானியமில்லை. சட்டென்று முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, "நான் சார்ஜ் போட வந்தேன்னு யார் சொன்னது? மிஷின் நல்லாயிருக்கான்னு பாத்துட்டுப் போக வந்தேன்," என்று சொல்லி, போனை எடுத்து விரலால் தட்டினார். 'க்ளக்' என்று கன் விட்டது. மிஷினிலிருந்து முதுகையும் எடுத்தார்.

அப்போதுதான் அந்தத் திரையை எல்லோரும் பார்த்தார்கள். அதில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி, 'இணைகிறது, காத்திருக்கவும்' என்றிருந்தது. பிறகு அணைந்து, 'ஏற்றிய மின்சாரம்: பூஜ்யம்' என்று காட்டியது. காலையிலிருந்து அந்த மிஷினும் அந்தக் காரும் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒரு சொட்டு இறங்கவில்லை. ஜாதகம் பார்த்த இடத்திலேயே நின்றுவிட்ட சம்பந்தம்.

துண்டும் நழுவியது. அதனடியில் கறுப்பாக, டேப் சுற்றி, எம்-சீல் பூசி, குக்கர் கைப்பிடி வைத்த ஒரு சாமான் தொங்கியது. அதுதான் சம்பந்தி. அவர் அதை உருவியதும் காரின் வாய் தெரிந்தது. ஏழு குழியும் இல்லை, சட்னிக் கிண்ணமும் இல்லை. வட்டமான பழைய வாய்.

 காத்தமுத்து மெல்ல ஸ்டூலிலிருந்து எழுந்தார். "சார்," என்றார், அந்த வட்ட வாயைத் தொட்டுப் பார்த்து, "இது என் மிஷினோட வாய் சார். பக்கத்துலயே பச்சை லைட்டோட நின்னுச்சே சார். நாலடி தள்ளி நிறுத்தியிருந்தா இந்நேரம் நிறைஞ்சிருக்குமே."

"அதுவா? அதைத்தான் நான் ஒழிச்சுட்டேனே!" என்றார் தாண்டவராயன். "ஒழிச்சவனே அதுல போய்க் கைநனைக்கிறதா?" கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். மகராஜன் மாதிரி ஒரு கையை வெளியே நீட்டி அசைத்தார். வண்டி ஓசையில்லாமல் நகர்ந்தது.

புஷ்பம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, கன்னை மாட்டினாள். அதுவரை வராமல் இருந்த ஓ.டி.பி. என்ன நினைத்ததோ, வந்து விழுந்தது. மிஷினுக்குள் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. முள் அசைந்தது. குளிர்பெட்டி உறுமியது. அவள் கண்ணை மூடி வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். மாஸ்டருக்குப் போன் போட்டபோது அங்கே முதல் பந்தியில் ரசம். கால் மணி இங்கே, அரை மணி சாலையில். மூன்றாம் பந்திக்கு இலை போடும்போது அவள் மண்டபத்தில் இருப்பாள்.

"அக்கா, அங்க பாருங்க," என்றான் சாகுல்.

வெள்ளைக் கார் மோட்டல் வாசலிலிருந்த வேகத்தடை வரைக்கும் போயிருந்தது. அதில் முன்சக்கரம் ஏறியது. ஏறின இடத்திலேயே ஒரு மூச்சு விட்டு நின்றது. பிறகு மெதுவாக, வந்த வழியிலேயே பின்னால் உருண்டு இறங்கி அசையாமல் கிடந்தது. உள்ளே இருந்த தாண்டவராயன் அசையவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு வண்டி நின்றதால் வெளியே ஒரு பஸ் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அழுத்தியது. வாசல் அடைந்து கிடந்தால் தன் வண்டியும் வெளியே போக முடியாது என்பது புஷ்பத்துக்கு உறைத்தது.

"வாங்க," என்றாள். சாகுல் வந்தான், பல் குத்திக்கொண்டிருந்தவர்கள் வந்தார்கள். காத்தமுத்து அதற்குள் ஓடிப்போய் வட்ட வாய் மிஷினிலிருந்து சட்டையையும் சாப்பாட்டுப் பையையும் கழற்றி, அதன் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி அவருக்கு ஒரே பரபரப்பு.

எல்லோரும் குனிந்து காரின் மூக்கில் கைவைத்து, வட்ட வாய் மிஷின் பக்கமாகப் பின்னோக்கித் தம் கட்டித் தள்ளினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வண்டி கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, கொஞ்சம் நகர்ந்தது. புஷ்பத்தின் கை வழுக்கியது, முதுகு பிடித்தது. காலையிலிருந்து தன்னை நிற்க வைத்தவரைத் தானே தள்ளுகிற விதியை நினைத்து அவளுக்குச் சிரிப்பு இப்போதுதான் வந்தது.

தாண்டவராயன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். வீடியோ இன்னும் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"பாத்துக்கிட்டீங்கள்ல? பேட்டரியில ஒரு சொட்டு கிடையாது. வண்டி ஓடுதா இல்லையா? அதுவும் பின்பக்கமா! மைனஸ்னா இப்படித்தான் ஓடும்!"

புஷ்பம் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஓடுதுண்ணே. நல்லாவே ஓடுது. பிரேக்குலேருந்து காலை மட்டும் எடுங்க."